மத்திய வங்கி எதுக்கு? நிக்கோலஸ் பிடில் வாழ்க்கையில இருந்து ஒரு எளிய விளக்கம்

பேங்க் நோட்டுங்கறது ஆரம்பத்துல ஒரு புரோநோட்டுதாங்க. இந்தச் சீட்டைக் கொண்டு வர்றவங்களுக்கு இவ்வளவு தொகை தர்றேன்னு பேங்க் கையெழுத்துப் போட்டுக் குடுக்குது, அவ்வளவுதான். இன்னைக்கு நாம நோட்டையே பணம்னு நினைக்கிறோம், ஆனா 200 வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல யாரும் அப்படி நினைக்கல, பணம்னா தங்கம் வெள்ளி, நோட்டுன்னா அதைத் தர்றதா ஒரு வாக்கு, அந்த வாக்கு குடுத்தது யாரு, அவன் நம்பிக்கையான ஆளா, அவன் ஊரு எவ்வளவு தூரம், இதையெல்லாம் பாத்துத்தான் கையில வாங்குவாங்க. மத்திய வங்கின்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு நான் இந்த இடத்துல இருந்துதான் சொல்ல ஆரம்பிப்பேன். அதுக்குன்னே அமைஞ்ச மாதிரி ஒரு மனுஷனோட வாழ்க்கையும் இருக்கு. நிக்கோலஸ் பிடில். பென்சில்வேனியா மாநில சட்டசபையில உக்காந்திருந்தவர், பின்னாடி அமெரிக்காவுலயே பெரிய பேங்குக்குத் தலைவர் ஆனவர், கடைசியில அந்தப் பேங்கோட சேந்தே விழுந்தவர். அவர் கதையைச் சொன்னா மத்திய வங்கி என்ன வேலை செய்யுது, அதை ஏன் ஜனங்க சந்தேகமா பாக்கறாங்க ரெண்டும் ஒண்ணா புரிஞ்சிடும்.

முதல்ல அந்தக் காலத்து நிலைமையைச் சொல்லிடறேன். அமெரிக்க அரசாங்கம் நாணயம் மட்டும்தான் அடிச்சுது, அதுவும் பத்தாம ஸ்பானிய வெள்ளி டாலர் 1857 வரைக்கும் அங்க சட்டப்படி செல்லுபடியா இருந்துச்சு. காகித நோட்டு அடிச்சதெல்லாம் தனியார் பேங்குங்க, ஒவ்வொரு மாநில சட்டசபையும் தன் இஷ்டத்துக்கு அனுமதி குடுக்கும், 1830 வாக்குல அப்படி 300 பேங்குக்கு மேல இருந்துச்சு, ஒவ்வொண்ணும் தனித்தனி நோட்டு, தனித்தனி படம், தனித்தனி கையெழுத்து. கென்டக்கி பேங்க் நோட்டை பிலடெல்பியாவுல நீட்டினா 10 டாலர் நோட்டுக்கு 10 டாலர் தரமாட்டாங்க, வட்டம், அதாவது ஒரு கழிவு, பிடிச்சுக்கிட்டுத்தான் தருவாங்க, ஏன்னா அந்த நோட்டை வெள்ளியா மாத்தணும்னா யாராவது ஒருத்தர் கென்டக்கி வரைக்கும் போகணும். ஊரு தூரமாகத் தூரமாக வட்டம் ஏறும், பேங்க் பேரு கெட்டிருந்தா இன்னும் ஏறும், எந்த நோட்டு எவ்வளவுக்குப் போகும் எது கள்ள நோட்டுன்னு பட்டியல் போட்டு அச்சடிச்சே வித்தாங்க, கடைக்காரங்க அதைக் கல்லாப்பெட்டி பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் வியாபாரம் பண்ணணும்.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. ஒரு சின்ன ஊரு பேங்க் பெட்டியில 1,000 டாலர் வெள்ளி வச்சுக்கிட்டு 3,000 டாலருக்கு நோட்டு விட்டிருக்குன்னு வச்சுக்குங்க. எல்லாரும் ஒரே நாள்ல வரமாட்டாங்கங்கற தைரியத்துல விடறது, அது தப்பும் இல்ல, பேங்க் தொழிலே அதுதான். ஆனா 3,000 விட்டவன் 5,000 விடலாமே, 10,000 விடலாமே, நோட்டு விட்டா கடன் குடுக்கலாம், கடன் குடுத்தா வட்டி வரும், அவனை நிறுத்தறது யாரு? அவனோட நோட்டைக் கத்தையா எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து, ஐயா இதுக்கு வெள்ளி குடுங்கன்னு நிக்கறவன்தான் நிறுத்த முடியும். சாதாரண ஆளுங்க கிட்ட கத்தை சேராது. அப்ப எல்லா பேங்க் நோட்டும் ஒரே இடத்துல வந்து குவியற மாதிரி ஒரு இடம் வேணும். அந்த இடம்தான் மத்திய வங்கி. இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டா போதும், மீதி கதை தானா ஓடும்.

பிடில் பிறந்தது 1786 ஜனவரி 8, பிலடெல்பியாவுல, வசதியான குடும்பம். 10 வயசுல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல சேந்துட்டார், 13 வயசுல படிப்பை முடிச்சும் இவ்வளவு சின்னப் பையனுக்குப் பட்டம் எப்படிக் குடுக்கறதுன்னு குடுக்கல, அப்புறம் பிரின்ஸ்டன் போய் 15 வயசுல 1801-ல வகுப்புலயே முதலா வந்து பட்டம் வாங்கினார். 1804-ல பாரிஸ்ல அமெரிக்கத் தூதருக்குச் செயலாளரா போனார், 1806-ல கிரீஸ் முழுக்கச் சுத்தினார், அந்தக் காலத்துல அமெரிக்கர்கள் யாரும் அங்க போறதே அபூர்வம், அப்புறம் லண்டன்ல ஜேம்ஸ் மன்ரோ கிட்ட வேலை, இந்த மன்ரோதான் பின்னாடி ஜனாதிபதி ஆனவர். ஊருக்குத் திரும்பி வக்கீல் ஆனார், இலக்கியப் பத்திரிகை நடத்தினார், லூயிஸும் கிளார்க்கும் மேற்குக் கடற்கரை வரைக்கும் போய் வந்த பயணக் குறிப்புகளை எடுத்து உக்காந்து ஒழுங்குபடுத்தினார், அது 1814-ல அச்சாச்சு, ஆனா அட்டையில அவர் பேரு இல்ல. கணக்குப் பிள்ளையா இருந்து மேல வந்தவர் இல்லைங்க இவர், புத்தகத்துல இருந்து பேங்குக்கு வந்தவர், அவரோட பலமும் அதுதான் பலவீனமும் அதுதான்னு எனக்குத் தோணும்.

1810-ல பென்சில்வேனியா சட்டசபைக்குப் போனார், வயசு 24. பொதுப் பள்ளிக்கூடம் வேணும்னு பேசினார், அது அப்ப நடக்கல. அவர் பேரு வெளிய தெரிஞ்சது 1811-ல பேங்க் விஷயத்துல. அமெரிக்காவுக்கு 1791-லயே ஒரு தேசிய பேங்க் இருந்துச்சு, 20 வருஷ சார்ட்டர், அதாவது அரசாங்கம் குடுத்த உரிமப் பத்திரம், அது 1811-ல முடியுது, புதுப்பிக்கலாமா வேண்டாமான்னு நாடு முழுக்க சண்டை. புதுப்பிக்கக் கூடாதுன்னு பென்சில்வேனியா சட்டசபையில தீர்மானம் வந்தப்ப இந்த இளைஞர் எழுந்து பேங்குக்கு ஆதரவா பேசின பேச்சை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷலே பாராட்டினார். ஆனா பலன் இல்ல, வாஷிங்டன்ல நாடாளுமன்ற மேல்சபையான செனட்ல சரிசமமா ஓட்டு விழுந்து துணை ஜனாதிபதி ஜார்ஜ் கிளின்டன் எதிர்த்து ஓட்டுப் போட்டு பேங்கை மூடிட்டாங்க.

அடுத்த வருஷமே இங்கிலாந்தோட போர். அரசாங்கத்துக்குக் கடன் வாங்கக் கூட ஒழுங்கான இடம் இல்ல, மாநில பேங்குங்க தாராளமா நோட்டு விட்டுச்சு, 1814 ஆகஸ்ட்ல ஆங்கிலேயப் படை வாஷிங்டனைக் கொளுத்தின சமயத்துல பெரும்பாலான பேங்குங்க நோட்டுக்கு வெள்ளி தர முடியாதுன்னு கையை விரிச்சிருச்சு. மூடினவங்களுக்கே அப்பத்தான் உறைச்சுது. 1816-ல ஜனாதிபதி மேடிசன், முன்னாடி இதே யோசனையை எதிர்த்தவர், ரெண்டாவது தேசிய பேங்குக்குக் கையெழுத்துப் போட்டார். முதலீடு 3.5 கோடி டாலர், அதுல அரசாங்கத்தோட பங்கு அஞ்சில் ஒண்ணு, மீதி தனியார் ஷேர், 25 டைரக்டர்ல 5 பேரை மட்டும் ஜனாதிபதி நியமிப்பார். இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி எல்லாச் சண்டையும் இங்கதான் வந்து நிக்கும்: வேலை நாட்டோட வேலை, சொத்து தனியார் சொத்து.

ஆரம்பம் சரியா இல்ல. முதல் தலைவர் காலத்துல மேற்குப் பக்கம் நிலம் வாங்கறவங்களுக்கெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுக் கடன் குடுத்தாங்க, பால்டிமோர் கிளையில உள்ளாளுங்களே பணத்தைச் சுருட்டினாங்க, அப்புறம் பயந்துபோய் குடுத்த கடனையெல்லாம் ஒரேயடியா திருப்பிக் கேட்டாங்க, 1819-ல பெரிய பொருளாதார வீழ்ச்சி வந்துச்சு. மேற்கு மாநிலங்கள்ல நிலத்தை இழந்த குடும்பங்களுக்கு இந்தப் பேங்க் மேல உண்டான வெறுப்பு கடைசி வரைக்கும் போகவே இல்ல, அதுல நியாயமும் இருந்துச்சு. அதே வருஷம் ஜனாதிபதியா இருந்த மன்ரோ பிடிலை அரசாங்க டைரக்டரா நியமிச்சார், 1823 ஜனவரியில பிடில் பேங்குக்கே தலைவர் ஆனார், அந்த வாரம்தான் 37 வயசு.

இங்க இருந்து ஒரு பத்து வருஷம், என்னைக் கேட்டா, மத்திய வங்கி வேலை எப்படிச் செய்யணும்னு பாடம் எடுக்கற அளவுக்கு நடந்துச்சு. எப்படின்னா, அந்தக் காலத்துல மத்திய அரசாங்கத்தோட பெரிய வருமானம் துறைமுகத்துல வசூலாகற இறக்குமதி வரி. வியாபாரிங்க அந்த வரியை உள்ளூர் பேங்க் நோட்டுலயும் கட்டுவாங்க. அரசாங்கம் அத்தனையும் கொண்டுபோய் பிடிலோட பேங்குல டெபாசிட் பண்ணும். அப்ப நாட்டுல இருக்கற மாநில பேங்குங்களோட புரோநோட்டுங்க கத்தை கத்தையா இவர் கைக்கு வந்து சேருது, அதாவது அத்தனை பேங்கும் இவருக்குக் கடன்காரங்க. இப்ப பிரேக் இவர் கால்ல இருக்கு. ஒரு பக்கம் நோட்டு அளவுக்கு மீறிப் போகுதுன்னு தெரிஞ்சா அந்த நோட்டுங்களை உடனே அனுப்பி வெள்ளி கேப்பார், அந்த பேங்க் வெள்ளி சேத்து வைக்கறதுக்காகக் கடன் குடுக்கறதைக் குறைக்கும், நோட்டும் குறையும். பஞ்சமான நேரம்னா கத்தையைப் பெட்டியிலயே வச்சுக்கிட்டுப் பேசாம இருப்பார், பேங்குங்க மூச்சு விட்டுக்கும். சட்டமும் இல்ல, இன்ஸ்பெக்டரும் இல்ல, வெறும் வரவு செலவை வச்சே ஒரு நாட்டோட பணப்புழக்கத்தை ஏத்தவும் இறக்கவும் ஒருத்தரால முடிஞ்சுது. இன்னைக்கு மத்திய வங்கிங்க வட்டி விகிதத்தை மாத்திச் செய்யறதும் இதே வேலைதான், கருவி மட்டும் வேற.

பணத்தை ஊரு விட்டு ஊரு நகர்த்தற வேலையும் அவரே பாத்தார். நியூ ஆர்லியன்ஸ்ல பருத்தி அறுவடை முடிஞ்சு கப்பல் ஏறற பருவத்துல அங்க பணம் வேணும், அந்தப் பருத்தி லிவர்பூல் போய் வித்து காசு வர மாசக்கணக்கா ஆகும், அதுக்கு நடுவுல வியாபாரிங்க உண்டியல் எழுதுவாங்க, அதாவது சரக்கு வாங்கறவர் இன்ன தேதியில இவ்வளவு பணம் குடுக்கணும்னு எழுதற சீட்டு. பிடிலோட பேங்க் தெற்குல அந்த உண்டியலை வாங்கிக்கிட்டுப் பணம் குடுக்கும், வடக்குலயும் லண்டன்லயும் வசூல் பண்ணிக்கும், 25 கிளைக்கு மேல இருந்ததால இது முடிஞ்சுது. அவரோட பேங்க் நோட்டுக்கு நாட்டுல எந்த மூலையில போனாலும் வட்டம் கிட்டத்தட்ட இல்லைங்கற நிலைமை வந்துச்சு. ஒரு டாலர்னா எல்லா ஊருலயும் ஒரு டாலர்ங்கறது நமக்குச் சாதாரணமா தோணும், அந்த வியாபாரிங்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதியா இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. 1825-ல லண்டன்ல பேங்குங்க வரிசையா விழுந்து அந்த அதிர்ச்சி கடல் தாண்டி வந்தப்ப பிடில் தயங்காம கடன் குடுத்து நிலைமையைத் தாங்கினார். எல்லாரும் பயந்து பணத்தைப் பூட்டி வைக்கற நேரத்துல ஒருத்தர் மட்டும் திறந்து வைக்கணும், அதுவும் மத்திய வங்கியோட வேலை, அது அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இந்த ஆளு மேல எனக்கு இருக்கற மரியாதை பெரும்பாலும் இந்தக் காலத்தை வச்சுத்தான்.

இப்ப இன்னொரு ஆள் உள்ள வர்றார். ஆண்ட்ரூ ஜாக்சன், 1828-ல ஜனாதிபதியா ஜெயிச்சவர். அவருக்குக் காகிதப் பணத்து மேலயே வெறுப்பு, அதுக்குக் காரணம் உண்டு. 1795 வாக்குல டென்னசியில இருந்த தன் நிலத்தை பிலடெல்பியா வியாபாரி டேவிட் அலிசனுக்கு வித்துட்டு புரோநோட்டு வாங்கினார், அந்த நோட்டுல பின்பக்கம் தன் கையெழுத்தையும் போட்டுக் குடுத்து தன் கடைக்குச் சரக்கு எடுத்தார், அலிசன் திவாலாக அந்தக் கடன் மொத்தமும் ஜாக்சன் தலையில விழுந்துச்சு, அதுல இருந்து எந்திரிக்க பல வருஷம் ஆச்சு. 1815 ஜனவரி 8-ல நியூ ஆர்லியன்ஸ் சண்டையில ஆங்கிலேயர்களைத் தோக்கடிச்சுத்தான் அவர் நாட்டுக்கே வீரர் ஆனார். பிடிலோட பிறந்த நாளும் அதே ஜனவரி 8. ரெண்டு பேரோட வாழ்க்கையும் பின்னிப்போனதை நினைச்சா அந்தத் தேதி ஒத்துமை என் கண்ணுல படாம போனதே இல்ல.

ஜாக்சன் கேட்ட கேள்வி சுலபமானதுதான். இவ்வளவு அதிகாரம் ஒரு தனியார் கம்பெனி கையில ஏன் இருக்கணும், அந்த ஆளை யாரு தேர்ந்தெடுத்தாங்க, அவர் யாருக்குப் பதில் சொல்லணும்? பேங்க் லாபம் பங்குதாரர்களுக்குப் போகுது, பங்குதாரர்கள்ல வெளிநாட்டுக்காரங்களும் இருக்காங்க, அரசாங்கப் பணம் வட்டியில்லாம அங்க தூங்குது. இதுக்கு பிடில் கிட்ட நல்ல பதில் இல்ல. 1830 வாக்குல செனட் குழுத் தலைவர் அவர்கிட்ட, உங்க பேங்க் எப்பவாவது மாநில பேங்குங்களை நசுக்கினது உண்டான்னு கேட்டார். பிடில் சொன்ன பதிலோட சாரம் இது: ஒருபோதும் இல்ல, எங்க அதிகாரத்தைப் பயன்படுத்தினா அழிஞ்சிருக்காத பேங்க் ரொம்பக் கொஞ்சம், ஆனா எதுக்கும் நாங்க தீங்கு செஞ்சதில்ல. அவர் பெருந்தன்மையைச் சொல்றதா நினைச்சுச் சொன்னார். கேட்டவங்களுக்கு முதல் பாதிதான் காதுல விழுந்துச்சு, இவர் நினைச்சா எங்களை எல்லாம் அழிச்சிருக்கலாம்னு இவரே சொல்றார்னு. எதிரிங்க அந்த வரியைக் கடைசி வரைக்கும் விடல. நான் மேல பிரேக்னு சொன்னேன் இல்லையா, அதே பிரேக்தான், ஓட்டறவன் நினைச்சா வண்டியை நிறுத்தவும் செய்யலாம், உள்ள இருக்கறவங்க தூக்கி எறியப்படற மாதிரி அழுத்தவும் செய்யலாம்.

அவர் பணத்தைச் செலவு பண்ணின விதமும் நல்லா இல்ல. பத்திரிகை நடத்தறவங்களுக்குப் பெரிய பெரிய கடன் போச்சு, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் போச்சு. செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் பேங்கோட வக்கீலாவும் இருந்தார், 1833 டிசம்பர்ல, செனட்ல இதே பேங்க் விஷயம் விவாதத்துல இருக்கறப்ப, என்னோட வக்கீல் கட்டணம் வழக்கம் போல இன்னும் புதுப்பிக்கப்படலைன்னு பிடிலுக்குக் கடிதம் எழுதினார். அரசாங்கம் நியமிச்ச டைரக்டர்களே, முக்கியமான கமிட்டியில எங்களைச் சேக்கறதே இல்ல, அச்சடிக்கற செலவுக்கு ரசீது கூட இல்லாம தலைவர் பணம் எடுக்கறார்னு புகார் பண்ற நிலைமை வந்துச்சு. நாட்டோட பணத்தைக் காக்கற இடத்துல இருக்கறவர் இதைச் செஞ்சிருக்கவே கூடாது, இதுல அவருக்குச் சாக்கு சொல்ல எனக்கு மனசு வரல.

சார்ட்டர் முடியறது 1836-ல. ஆனா செனட்டர் ஹென்றி கிளே 1832 தேர்தல்ல ஜாக்சனை எதிர்த்து நிக்கறார், தேர்தல் வருஷத்துல மசோதாவைக் கொண்டு வந்தா ஜாக்சன் தடுக்கத் துணியமாட்டார்னு கிளேயும் வெப்ஸ்டரும் சொல்ல பிடில் நாலு வருஷம் முன்னாடியே புதுப்பிக்கச் சொல்லி மனு போட்டார். மசோதா செனட்ல 28-20, கீழ்சபையில 107-85ன்னு ஜெயிச்சுது. பேங்க் என்னைக் கொல்லப் பாக்குது, ஆனா நான் அதைக் கொல்லுவேன்னு ஜாக்சன் தன் அரசியல் கூட்டாளி மார்ட்டின் வான் பியூரன் கிட்ட சொன்னார், 1832 ஜூலை 10-ல வீட்டோ போட்டார், அதாவது ஜனாதிபதி அதிகாரத்துல மசோதாவை நிராகரிச்சார். பணக்காரங்களும் செல்வாக்கு உள்ளவங்களும் அரசாங்கத்தோட செயலைத் தங்க சுயநலத்துக்கு வளைச்சுக்கறாங்கன்னு அந்த வீட்டோ செய்தியில வர்ற இடம் இன்னைக்கும் அமெரிக்க அரசியல்ல எடுத்துச் சொல்ற இடம். பிடில் அதைப் படிச்சுட்டு இது அராஜகத்துக்கு அறிக்கைன்னார், ஜனங்களே படிச்சா ஜாக்சனுக்கு எதிரா திரும்பிடுவாங்கன்னு நம்பி பேங்க் செலவுலயே அச்சடிச்சு விநியோகிச்சார். ஜனங்க படிச்சாங்க. ஜாக்சனுக்கு 219 தேர்வாளர் ஓட்டு, அதாவது மாநிலங்கள் சார்பா ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கறவங்க போடற ஓட்டு, கிளேக்கு 49.

1833-ல ஜாக்சன் அரசாங்க டெபாசிட்டை எடுக்க முடிவு பண்ணினார். சட்டப்படி அந்த அதிகாரம் நிதியமைச்சருக்குத்தான், நிதியமைச்சர் வில்லியம் டுவேன் முடியாதுன்னார், அவரை நீக்கிட்டு ரோஜர் டேனியைப் போட்டார், அக்டோபர்ல இருந்து புது வரவு எல்லாம் அவங்களுக்கு வேண்டிய மாநில பேங்குங்களுக்குப் போக ஆரம்பிச்சுது, செல்லப் பிள்ளை பேங்குன்னே ஊர் பேரு வச்சுது. டெபாசிட் போனா கடனையும் குறைக்கத்தான் வேணும், அதுவரைக்கும் பிடில் செஞ்சது நியாயம். ஆனா அவர் அதோட நிக்கல. 1833 கடைசியில இருந்து 1834 வசந்தம் வரைக்கும் தேவைக்கு மேல இறுக்கினார், வேணும்னே இறுக்கினார், வெளிய ஜனங்க படற கஷ்டம் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அசையும்னு 1834 ஜனவரி கடிதத்துல அவரே எழுதியிருக்கார். வியாபாரிங்க திவாலானாங்க, வேலை போச்சு, கூலி குறைஞ்சுது. மனு எடுத்துக்கிட்டு வாஷிங்டன் வந்தவங்களை ஜாக்சன், எங்ககிட்ட பணம் இல்ல, பிடில் கிட்ட போங்க, பணமெல்லாம் அவர்கிட்டதான் இருக்குன்னு திருப்பி அனுப்பினார். பத்து வருஷமா நாட்டைத் தாங்கின அதே கருவியை எடுத்து நாட்டையே அடிச்சா, ஜாக்சன் அத்தனை நாளா சொன்னது உண்மைன்னு அவரே நிரூபிச்ச மாதிரி ஆகாதா? ஆச்சு. அதுவரைக்கும் பேங்க் பக்கம் இருந்த பென்சில்வேனியா கவர்னர் ஜார்ஜ் வுல்ஃபே எதிர்ப் பக்கம் போனார், ஏப்ரல்ல கீழ்சபை சார்ட்டரைப் புதுப்பிக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுருச்சு. இந்த இடத்தைப் படிக்கறப்பெல்லாம் எனக்கு வயிறு எரியும், அவருக்குத் தெரியாத விஷயம் இல்லையே இது.

பிரேக் போனதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னா, 1835, 1836-ல மாநில பேங்குங்க பெருகி நோட்டும் பெருகி, மேற்குல அரசாங்க நிலத்தை அந்த நோட்டைக் குடுத்தே ஜனங்க வாங்கிக் குவிச்சாங்க. ஜாக்சனுக்கே பயம் வந்து 1836 ஜூலையில நிலத்துக்குத் தங்கமோ வெள்ளியோதான் குடுக்கணும்னு உத்தரவு போட்டார். 1837 மே 10-ல நியூயார்க் பேங்குங்க நோட்டுக்கு வெள்ளி தர்றதை நிறுத்திடுச்சு, நாடு முழுக்க அதுவே பரவிச்சு. பிடில் பேங்கை மூடினதுனாலதான் இது வந்துச்சுன்னு ஒரே வரியில முடிச்சுட முடியாதுங்க, மெக்சிகோ வெள்ளி உள்ள வந்தது, இங்கிலாந்து வங்கி 1836-ல வட்டியை ஏத்தினது, பருத்தி விலை விழுந்தது எல்லாம் சேந்துதான். ஆனா 1825-ல இருந்த மாதிரி நடுவுல நின்னு தாங்கறதுக்கு 1837-ல யாரும் இல்ல.

பிடில் என்ன செஞ்சார்னா, 1836 பிப்ரவரியில பென்சில்வேனியா சட்டசபை கிட்டயே மாநில சார்ட்டர் வாங்கிட்டார், 25 வருஷம் முன்னாடி அவர் எழுந்து பேசின அதே சட்டசபை. அதுக்குப் பதிலா கால்வாய், ரயில், பள்ளிக்கூடம்னு மாநிலத்துக்குப் பெரிய தொகை தர ஒத்துக்கிட்டார். முதலீடு அதே 3.5 கோடி, கட்டடம் அதே, தலைவரும் அதே. ஆனா இப்ப அரசாங்க டெபாசிட் இல்ல, மத்த பேங்க் நோட்டு கத்தையா வந்து சேராது, நாட்டுப் பொறுப்பும் இல்ல. மத்திய வங்கின்னா கட்டடமும் முதலீடும் திறமையான தலைவரும் சேந்தது மட்டும்னு நினைச்சா இங்க பாருங்க, அத்தனையும் இருந்தும் அது வெறும் பெரிய பேங்க் ஆயிடுச்சு. பிடில் மட்டும் இன்னும் பழைய இடத்துலயே இருக்கறதா நினைச்சு பருத்தி விலையைத் தாங்கறேன்னு இறங்கினார், பருத்தியை மொத்தமா வாங்கி லிவர்பூல்ல தன் மகன் பங்காளியா இருந்த கம்பெனி மூலமா இருப்பு வச்சு விக்கறது. முதல்ல நல்ல லாபம், 1839-ல விலை விழுந்து பெரிய நஷ்டம். அந்த வருஷம் மார்ச்லயே அவர் பதவியை விட்டு விலகியிருந்தார், அக்டோபர்ல பேங்க் நோட்டுக்குப் பணம் தர்றதை நிறுத்திச்சு, 1841 பிப்ரவரியில மொத்தமா மூடியாச்சு. பங்குதாரர்கள் வழக்குப் போட்டாங்க, மோசடிச் சதின்னு குற்றம் சாட்டி அவரைக் கைது கூட பண்ணினாங்க, வழக்கு நிக்கல, விடுவிச்சுட்டாங்க. டெலவேர் ஆத்தங்கரையில ஆண்டலூசியாங்கற தன் வீட்டுல 1844 பிப்ரவரி 27-ல இறந்து போனார், வயசு 58.

அப்புறம் 1857, 1873, 1893, 1907ன்னு நெருக்கடி மேல நெருக்கடி வந்துச்சு. 1907-ல ஜே.பி.மார்கன்ங்கற தனி மனுஷன் மத்த பேங்க்காரங்களைத் தன் வீட்டு நூலகத்துல உக்கார வச்சுப் பேசிப் பணம் திரட்ட வேண்டியிருந்துச்சு. அதுக்கப்புறம்தான் 1913-ல ஃபெடரல் ரிசர்வ்ங்கற இன்னைய அமெரிக்க மத்திய வங்கியை உருவாக்கின சட்டம் வந்துச்சு. அதோட அமைப்பைப் பாத்தீங்கன்னா பிடில் சண்டையோட தடம் தெரியும்: ஒரே ஊருல ஒரே தலைவர் கையில இருக்கக் கூடாதுன்னு 12 வட்டார வங்கி, அதுக்கு மேல வாஷிங்டன்ல ஒரு வாரியம், வாரிய உறுப்பினர்களை ஜனாதிபதி நியமிச்சு செனட் ஒப்புதல் குடுக்கணும். பிடில் செஞ்ச வேலை வேணும், ஆனா பிடில் மாதிரி ஒருத்தர் கேள்வி கேக்க ஆளில்லாம உக்காரக் கூடாதுன்னு ரெண்டையும் சேத்துக் கட்டியிருக்காங்க. அது எவ்வளவு தூரம் பலிச்சுதுன்னு அங்க இன்னும் வாதம் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.

பிலடெல்பியா செஸ்ட்நட் தெருவுல பிடில் உக்காந்திருந்த பேங்க் கட்டடம் இன்னும் நிக்குது, வில்லியம் ஸ்ட்ரிக்லண்ட் கட்டி 1824-ல முடிச்சது, ஏதென்ஸ் பார்த்தினான் கோயில் மாதிரியே முன்பக்கம் எட்டு தூண், இப்ப உள்ள பழைய தலைவர்களோட ஓவியங்களை மாட்டி வச்சிருக்காங்க. 12 வட்டார வங்கியில மூணாவது வங்கி பிலடெல்பியாவுலதான் இருக்கு, அந்தத் தூண்கள் கிட்ட இருந்து நடந்தா சில நிமிஷத்துல போயிடலாம்.